கேப் திராட்சையும் கம்பத்துத் திராட்சையும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஓராண்டு படிக்க வந்திருக்கும் மாணவி. சொந்த ஊர் கம்பம் பக்கம். ரைலண்ட்ஸ் சிவாலயத்தில் உங்களைப் பார்த்திருக்கிறேன். பேசத் தயங்கித் திரும்பிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

செப்டம்பர் 24 விடுமுறைக்கு வகுப்புத் தோழர்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்து ஸ்டெல்லன்போஷ், ஃபிரான்ஷூக் பக்கம் வைன் தோட்டங்களைப் பார்க்கப் போனோம். எங்கு பார்த்தாலும் மலை, வெள்ளைச் சுவர் வீடுகள், இடுப்பளவு உயரத்தில் கம்பியில் படர்த்திய கொடிகள். நம் ஊர் மாதிரிப் பந்தலே இல்லை. கொடிகள் அப்போதுதான் துளிர்விட்டிருந்தன. ஒரு பெரிய மணிக்குக் கீழே நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். பிறகு வைன் ருசி பார்க்கும் இடம். குழந்தைகளோடு, பாட்டி தாத்தாவோடு, நாயோடுகூட வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை, ஒருவரும் தள்ளாடவில்லை. நானும் இரண்டு மிடறு குடித்துப் பார்த்தேன்.

அக்கா, என் அப்பாவும் அம்மாவும் திராட்சைத் தோட்டக் கூலிகள். அப்பா பந்தல் கட்டுவார், மருந்தடிப்பார். சாயங்காலம் டாஸ்மாக். கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்கும் இப்படிக் குடிக்கத் தெரிந்திருந்தால் இன்றைக்கு இருந்திருப்பாரே என்று தோன்றியது. குடி இவர்களுக்குப் பண்பாடாகவும் நமக்குச் சாக்கடையாகவும் ஏன் ஆனது? நம் மக்களிடம்தான் ஏதோ குறையா? நான் அங்கே போனது அப்பாவுக்குச் செய்த துரோகமா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். துரோகம் ஒன்றும் இல்லை. படிக்க வந்த ஊரில், கூடப் படிக்கிறவர்களோடு ஒரு நாள் வெளியே போய் இரண்டு மிடறு ருசி பார்த்ததற்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. குடியால் தகப்பனை இழந்த வீட்டுப் பெண்ணுக்கு அந்த வாடையே வயிற்றைப் புரட்டியிருக்கும். அப்படியும் போய்ப் பார்த்து, அதைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறீர்கள்.

ஆனால் "நம் மக்களிடம்தான் ஏதோ குறையா" என்று கேட்டிருக்கிறீர்களே, அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் ஸ்டெல்லன்போஷ் போய்த் திரும்பும் வழியில் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள். "இவங்க குடிக்கிற அழகைப் பாருங்க, நம்மாளுங்களுக்கு எங்கே வருது" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். உங்கள் மேல் கோபம் இல்லை, நீங்கள் வலியிலிருந்து கேட்கிறீர்கள். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் அப்பாவை யாரோடு வைத்துப் பார்த்தீர்கள்? ருசி மேசையில் உட்கார்ந்திருந்தவர்களோடு. அவர்கள் டாக்டர்கள், வக்கீல்கள், வெளிநாட்டிலிருந்து வந்த பயணிகள். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். விடியற்காலை கூலிக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லாதவர்கள். நான்கைந்து கண்ணாடிக் கோப்பைகளில் ஒரு விரல்கடை ஊற்றுவார்கள். சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் வைத்துப் பார்த்து, வேண்டாமென்றால் துப்பிவிடப் பக்கத்திலேயே வாளியும் இருக்கும். அவர்களிலும் குடிநோயாளிகள் உண்டு. அவர்கள் விழுவது தெருவில் அல்ல, தங்கள் வீட்டுக்குள்; அதனால் நம் கண்ணில் படுவதில்லை. உங்கள் அப்பாவை வைத்துப் பார்க்க வேண்டியது அதே தோட்டத்தில் கொடிக்குக் கவாத்து செய்கிறவரோடு. அவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அன்று விடுமுறை. தவிர, அவர் குடியிருக்கும் வரிசை வீடுகள் பெரும்பாலும் சவுக்கு வேலிக்கும் மரங்களுக்கும் பின்னால் இருக்கும், வேன் அந்தப் பக்கம் திரும்பாது.

அவருக்கு இந்த நாட்டில் எப்படிக் குடி கொடுத்தார்கள் என்று சொல்கிறேன். இங்கே அதை 'டொப்' என்பார்கள். காலையில் வேலைக்கு இறங்கும்போது ஒரு தகரக் குவளை வைன். இடைவேளைக்கு ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று, வீட்டுக்குப் போகும்போது ஒன்று. கூலியில் ஒரு பங்கு அப்படியே வைனாகக் கழிந்துவிடும். அதுவும் விலை போகாத மட்ட வைன். முதலாளிக்கு இதில் இரண்டு வகையில் லாபம். கையில் கொடுக்க வேண்டிய காசு குறையும். குவளைக்குப் பழகியவர் வேறு தோட்டம் தேடிப் போகவும் மாட்டார். அடிமைக் காலத்தில் தொடங்கிய வழக்கம், அடிமைமுறை ஒழிந்த பிறகும் ஆளைக் கட்டிப்போடும் கயிறாக நின்றது. 1960களின் தொடக்கத்தில் சட்டம் தடை செய்தது. ஆனாலும் பல தோட்டங்களில் 1990கள் வரைக்கும் குவளை நிற்கவில்லை.

ஃபிரான்ஷூக் போகும் வழியில் இருக்கும் ப்னியேல் என்ற ஊரின் தேவாலய வாசலில் ஒரு வயதான அம்மா எனக்கு இதைச் சொல்லியிருக்கிறார். அவருடைய அப்பா குவளையை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புவாராம். இரவில் அதை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி வைப்பது சிறுமியாக இருந்த இவருடைய வேலை. எவ்வளவு தேய்த்தாலும் அடியில் இருந்த ஊதா வளையம் போகவே போகாது என்று விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் பிள்ளைகளின் விகிதம், உலகத்தில் பதிவானவற்றிலேயே மிக அதிகமாக இருக்கும் இடங்களில் கேப்டவுன் இருக்கும் மேற்கு கேப் மாகாணத்தின் திராட்சை ஊர்களும் சேரும். பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வுகளில் தெரியவந்தது இது. மூன்று நூற்றாண்டு காலம் குவளையில் ஊற்றியது இப்போது வகுப்பறையில் எழுத்துக்கூட்டத் திணறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவையும் தெரிந்துகொண்டு, குடி இவர்களுக்குப் பண்பாடு, நமக்குச் சாக்கடை என்று என்னால் சொல்ல முடியாது. இங்கேயும் மேசைக்கு ஒன்று, கொடிக்காலுக்கு ஒன்று என்று இரண்டு குடி உண்டு. நீங்கள் பார்த்தது முதலாவதை மட்டும்.

நீங்கள் படம் எடுத்துக்கொண்ட மணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு வெள்ளைத் தூண்களுக்கு நடுவே தொங்கியதுதானே? பழைய தோட்டங்களில் அதை அடிமை மணி என்றே சொல்வார்கள். எழுந்திரு, வேலைக்கு இறங்கு, வேலையை நிறுத்து என்று நாள் முழுவதும் ஆட்களை நடத்தியது அந்த மணி. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் இங்கே வந்து, 1655இல் கொடி நட்டது. 1659 பிப்ரவரி 2ஆம் தேதி கேப் திராட்சையில் முதல்முறையாக வைன் பிழிந்ததாக, கம்பெனியின் இங்குள்ள தலைவராக இருந்த யான் வான் ரீபெக் தன் நாட்குறிப்பில் எழுதி, கடவுளுக்கு நன்றியும் சொல்லியிருக்கிறார். அதற்கு முந்தைய வருடமே அடிமைகளை ஏற்றிக்கொண்டு பெரிய கப்பல்கள் வந்து சேர்ந்துவிட்டன. 1808 வரைக்கும் ஏறத்தாழ 63,000 பேரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், பிறகு நம் நாடு. கிட்டத்தட்டக் கால்வாசிப் பேர் இந்தியக் கரைகளிலிருந்து வந்தவர்கள்.

ரைலண்ட்ஸில் என் பக்கத்து வீட்டு அம்மா டர்பனில் பிறந்தவர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் பேத்தி. தமிழில் பேச்சு வராது, தேவாரம் மட்டும் பிசிறில்லாமல் பாடுவார். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்த நாளைத்தான் நம்மவர் இந்த மண்ணில் கால் வைத்த நாளாக அவர் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு அது சரி. கேப்புக்கு நம் கரை ஆட்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே வந்துவிட்டார்கள். பழவேற்காடு டச்சுக்காரர் கையில் இருந்தது, நாகப்பட்டினத்தை 1658இல் பிடித்தார்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் தஞ்சைச் சீமையில் போரும் பஞ்சமும் வந்தபோது, ஒரு வேளைச் சோற்றுக்காகப் பெற்ற பிள்ளையை விற்றார்கள், தங்களையே விற்றுக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார்கள். அதே கம்பெனியின் கப்பல் பாதையில் கேப்புக்கும் சோழமண்டலக் கரை ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். இங்குள்ள பழைய பதிவேடுகளில் பெங்கால், மலபார், சோழமண்டலக் கரை என்று ஊரையே பெயருக்குப் பின்னால் ஒட்டி எழுதியிருக்கிறார்கள். பெயர் என்னவோ காத்தரீனா, டைட்டஸ், செப்டம்பர் என்று எஜமான் வைத்ததாக இருக்கும். தாய் வைத்த பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. கேப்டவுன் சர்ச் சதுக்கத்தில் 2008இல் வைத்த 11 கருங்கல் பாளங்களில் அப்படிப்பட்ட பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். உங்கள் வகுப்பு இல்லாத ஒரு காலையில் போய்ப் பாருங்கள், பக்கத்திலேயே அடிமைகளை அடைத்து வைத்திருந்த கட்டடமும் இருக்கிறது. இப்போது அது அருங்காட்சியகம்.

ஸ்டெல்லன்போஷுக்குத் தன் பெயரையே வைத்த ஆளுநர் சைமன் வான் டெர் ஸ்டெல்லின் தாய்வழிப் பாட்டியும் இந்தியாவிலிருந்து வந்த அடிமைப்பெண். அந்த ஊர்ச் சுற்றுலா வழிகாட்டிகள் இதை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

1834 டிசம்பர் 1இல் விடுதலை அறிவித்தார்கள். ஆனால் பயிற்சி என்று பெயர் வைத்து இன்னும் நான்கு வருடம் அதே எஜமானிடம் வேலை வாங்கினார்கள். நஷ்டஈடு கொடுத்தது அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. உழைத்தவர்களுக்கு ஒரு சல்லி கிடையாது, ஒரு அடி நிலம் கிடையாது. வேறு போக்கிடம் இல்லாததால் அதே மணிக்கு, அதே குவளைக்குத் திரும்பினார்கள். சிலருக்கு மட்டும் ஒரு வழி கிடைத்தது. ஸ்டெல்லன்போஷிலிருந்து ஹெல்ஸ்ஹூக்டே கணவாய் ஏறி ஃபிரான்ஷூக் போகும் வழியில், மலையடிவாரத்தில் ஒரு வெள்ளைத் தேவாலயமும் சின்னச் சின்ன வீடுகளும் வந்திருக்கும், உங்கள் வேன் நிற்காமல் போயிருக்கும். அதுதான் ப்னியேல். விடுதலையானவர்களுக்காக 1843இல் உண்டான மிஷன் குடியிருப்பு. இரண்டு பக்கமும் பேர்பெற்ற தோட்டங்கள், நடுவில் அந்தத் தோட்டங்களை உண்டாக்கியவர்களின் சந்ததி. நான் கூட்டிப்போகும் விருந்தாளிகளை அங்கே இறக்காமல் ஃபிரான்ஷூக்குக்குக் கொண்டுபோவதில்லை. சிலருக்கு அது பிடிக்காது, மதியச் சாப்பாடு தாமதமாகும் என்பார்கள்.

சமீபத்துக் கதையும் உண்டு. இங்கிருந்து வடகிழக்கே மலை தாண்டினால் டி டோர்ன்ஸ். வைனுக்கு அல்லாமல் பழமாகவே விற்கும் திராட்சை விளையும் ஊர், அந்த வகையில் நம் கம்பம் மாதிரி. 2012 நவம்பரில் அங்கே தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். அப்போது சட்டப்படியான குறைந்தபட்ச நாள் கூலி 69 ரேண்ட். 150 கேட்டார்கள். 2013 மார்ச்சிலிருந்து 105 ஆக்கினார்கள். நீங்கள் ருசி பார்க்கக் கொடுத்த கட்டணத்தை இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கூலிக்காரர் வீட்டில் வளர்ந்த உங்களுக்கு இந்தக் கணக்கு மற்ற மாணவர்களைவிட வேகமாகப் புரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு வைன் என்றாலே பாவம் என்ற முடிவுக்கும் போய்விடாதீர்கள். அது பெரிய கைத்தொழில். 1925இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் ஆப்ரஹாம் பெரோல்ட் என்ற பேராசிரியர் பினோ நுவார், சின்சோ என்ற இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்த்து பினோட்டாஜ் என்ற புது ரகத்தையே உண்டாக்கினார். உங்களுக்கு ஊற்றிக் கொடுத்த சிவப்பில் ஒன்றாவது அதுவாகத்தான் இருந்திருக்கும். குவாசூலு-நேட்டாலின் ஒரு கிராமத்திலிருந்து உதவித்தொகையில் இங்கே படிக்க வந்தவர் என்ட்சிகி பியேலா. அதற்கு முன் வைனை வாயில் வைத்துப் பார்த்ததுகூட இல்லை. பாடம் நடந்தது அவருக்குத் தெரியாத ஆஃப்ரிகான்ஸ் மொழியில். அதையெல்லாம் தாண்டி இந்த நாட்டின் முதல் கறுப்பினப் பெண் வைன் தயாரிப்பாளர் ஆனார். இப்போது சொந்தமாக வைன் செய்கிறார், அதற்குத் தன் பாட்டியின் பெயரை, அஸ்லினா என்று வைத்திருக்கிறார். அந்த பாட்டிலைக் கடையில் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே சந்தோஷம் வரும். நான் குடிக்கிறேனா இல்லையா என்பதற்கும் அந்தச் சந்தோஷத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

கம்பத்துப் பெண் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உலகத்தில் அதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். அலெக்சாண்ட்ரியா மஸ்கட் என்ற பழைய ரகம் அதன் பெற்றோரில் ஒன்று. அதே ரகத்தை இங்கே ஹானெபூட் என்கிறார்கள். கோடை முடியும் நாட்களில் சாலையோரத்தில் பெட்டி பெட்டியாக வைத்து விற்பார்கள். வெளிர்பச்சைப் பழம், நாள் பட்டால் மஞ்சள் பாயும். கடித்தால் உங்கள் ஊர் வாசனை சட்டென்று ஏறும். பந்தல் ஏன் இல்லை என்று எழுதியிருந்தீர்களே, இங்கே மழை குளிர்காலத்தில். அப்போது கொடி இலை உதிர்த்துத் தூங்கிவிடும். கோடையில் தென்கிழக்குக் காற்று பேயாக அடிக்கும். தாழப் படர்த்தினால்தான் நிற்கும். வருடத்துக்கு ஒரே அறுப்பு, ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. கவாத்தைத் தள்ளித் தள்ளிச் செய்து வருடம் முழுவதும் பழம் எடுக்கும் கம்பத்து வித்தையைச் சொன்னால் இங்குள்ள தோட்டக்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். உங்கள் அப்பா கட்டிய பந்தலும் அந்த வித்தையில் சேர்ந்ததுதான்.

அவருக்கு இப்படிக் குடிக்கத் தெரிந்திருந்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாததால் அவர் சாகவில்லை, கே. பகலெல்லாம் பந்தலுக்கடியில் அண்ணாந்து நின்று மருந்தடித்துவிட்டு, கழுத்து வலியோடு கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு வரும் மனிதருக்கு வழியில் கடை திறந்து வைத்திருக்கிறது. நம் ஊரில் 2003இலிருந்து அந்தக் கடையை நடத்துவதே அரசு. இங்கே முதலாளி கூலிக்குப் பதில் வைன் கொடுத்தார், அங்கே கொடுத்த கூலியைச் சாயங்காலமே திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பார்த்தவள் என்ற முறையில் இதில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவர் விட நினைத்து முடியாமல் போன நாட்கள் இருந்திருக்கும், உங்களுக்கும் அம்மாவுக்கும் தெரிந்தே. அது நோய். வைத்தியமும் ஓய்வும் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய நோய். கோப்பையைச் சுழற்றத் தெரிந்திருந்தாலும் அதனால் பிழைத்திருக்க மாட்டார். அவர் மேல் உங்களுக்குக் கோபம் இருந்தால் அதுவும் நியாயமே. அந்தக் கோபத்தை யாருக்காகவும் அடக்கிக்கொள்ள வேண்டாம். ஆனால் முன்பின் தெரியாத பணக்காரர்கள் நாகரிகமாகக் குடிப்பதைப் பார்த்து அவரைத் தாழ்த்தி நினைக்காதீர்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள். ஒளித்து வைத்தால்தான் அது தப்பாகத் தெரியத் தொடங்கும். முதலில் கொடிகளைப் பற்றிச் சொல்லுங்கள். எவ்வளவு உயரம், எத்தனை கம்பி, வரிசைக்கு வரிசை எவ்வளவு இடைவெளி, கவாத்தில் எத்தனை மொட்டு விட்டு வெட்டியிருந்தார்கள் என்று அவர் கேட்பார், பாருங்கள். எடுத்த படங்களில் கொடி நன்றாகத் தெரிவதாக நாலைந்து அனுப்புங்கள். உங்கள் தோழர்களில் ஒருவருக்கும் தெரியாத விஷயங்களை அவர் அந்தப் படத்திலிருந்தே சொல்லுவார். ருசி பார்த்ததையும் அந்தப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுபடி போவதாக இருந்தால் அறுப்புக் காலத்தில், வேலை நாளில் போங்கள். வண்டி ஓட்டுகிறவர் ஒரு சொட்டும் தொடக்கூடாது. தோட்டத்தில் ஊற்றிக் கொடுப்பவரிடம், இங்கே வேலை செய்கிறவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், தொழிலாளர் நலனுக்கான வீட்டா முத்திரை உங்கள் பாட்டிலில் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். பல இடங்களில் நல்ல பதில் சொல்வார்கள். பதில் சொல்லத் திணறுகிற இடமும் உங்களுக்கு ஏதாவது ஒன்றைச் சொல்லும்.

பிப்ரவரியில் நீங்கள் இன்னும் இங்கே இருந்தால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிவாலயத்துக்கு வாருங்கள், தயங்காமல் வந்து பேசுங்கள். ஒரு சனிக்கிழமை சேர்ந்து கிளம்பலாம். பக்கத்து வீட்டு அம்மாவும் வருகிறேன் என்கிறார், ப்னியேலை அவர் இதுவரை பார்த்ததில்லை. வரும் வழியில் ஹானெபூட் ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்